ஜோலார்பேட்டையில் நாலு சுவர் ஆட்டம்

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்த வாரக் கடைசியில் அம்மாவும் நானும் வேலூரிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போய்வந்தோம். ஏலகிரி மலை பார்க்கவா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மலையையும் பார்த்தோம், ஜன்னல் வழியாக. உண்மையில் போனது டான்ஸ் கற்றுக்கொள்ள. எங்கள் சபையில் இதைச் சொன்னால் ஜெபக்கூட்டத்தில் எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் வேலை பார்க்கும் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தட்டச்சுத் தாள் குத்தியிருந்தது. ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் லைன் டான்ஸ் பயிற்சி. பெண்களுக்கு மட்டும். கட்டணம் மதியச் சாப்பாட்டோடு இருபத்தைந்து ரூபாய். ஜோடி தேவையில்லை என்று அடியில் கோடு போட்டிருந்தது. எல்லோரும் வரிசையாக நின்று ஒரே அடியை ஒரே சமயத்தில் வைக்கும் ஆட்டம் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். வீட்டில் சும்மாதான் சொன்னேன்.

"போலாமா?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேல் சபையின் பாடகர் குழுவில் இருந்தவள். இரண்டு வருடமாக அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. நரம்பு தேய்கிறது, மெஷின் வைத்தாலும் பெரிதாகப் பயனிருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் இவள் மட்டும் சரணத்தைத் தொடங்கிவிட்டாள். மறுவாரமே தொண்டை சரியில்லை என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டாள். காது விஷயம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. அப்படிப்பட்டவள் டான்ஸுக்குப் போலாமா என்று கேட்டால், ஏன் என்று நான் எப்படிக் கேட்பேன்?

"ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. எனக்கு ரசம் வச்சுக்கத் தெரியும்" என்றார் அப்பா. அவருக்கு ரசம் வைக்கத் தெரியாது.

சனிக்கிழமை விடியுமுன் டவுன் பஸ் பிடித்துக் காட்பாடி போனோம். ஆறு பத்துக்குப் பாசஞ்சர், ஆளுக்கு எட்டு ரூபாய். எண்பத்து நாலு கிலோமீட்டரை அது இரண்டரை மணி நேரத்தில் கடக்கும். அவசரமில்லாதவர்களுக்கு நல்ல வண்டி. குடியாத்தம் தாண்டியதும் வெயில் ஏறியது. ஆம்பூர் வரப்போகிறது என்பதை மூக்கே சொல்லிவிட்டது; ஆற்றோரமெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புகள், சுண்ணாம்பும் மரப்பட்டையும் கலந்த வாடை. ஜன்னலை மூடலாமா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்றாள். "இதாவது ஒழுங்கா தெரியுதே" என்று சிரித்தாள்.

ஆம்பூரில் ஐந்து பெண்கள் எங்கள் பெட்டியில் ஏறினார்கள். தூக்குச் சட்டியும் பேச்சுமாக வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவள் சரோஜா, நாற்பது வயதிருக்கும். ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கும் பிரிவில் எல்லோரும் வேலை. பேசப் பேசத்தான் தெரிந்தது, அவர்களும் நாங்கள் போகும் இடத்துக்கே வருகிறார்கள். பயிற்சி நடத்தும் டோரீன் அவர்கள் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட்டாம்.

"வந்தா கோழி பிரியாணி போடறேன்னாங்க. ஆடச் சொன்னா ஆடிட்டுப் போறோம்" என்றாள் சரோஜா.

டோரீன் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அப்பா, தாத்தா எல்லோரும் இஞ்சின் ஓட்டியவர்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட தம்பி கிளைவ் விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே கற்றுக்கொண்ட ஆட்டத்தை அவர் செய்துகாட்ட, டோரீன் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. காலனி நடனக்கூடம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். வெள்ளைக்காரன் காலத்துத் தேக்குப் பலகைத் தரை, மெழுகு போட்டு முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள்.

வாசலில் முதல் தகராறு. நாங்கள் எல்லோருமே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டோம். டோரீன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா மேன் இது, கோயிலா? டான்ஸுக்கு ஷூ போடணும். குதிகால் சத்தம் வரணும்!"

"ஐய, தரை இம்மாம் பளபளன்னு கீது, இதுல செருப்போட மிதிப்பமா?" என்றாள் சரோஜா. "அதுவும் இல்லாம நாங்க ஷூ தைக்கறவங்க மேடம். போடறவங்க இல்ல."

கிளைவ் விழுந்து விழுந்து சிரித்தார். தானும் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார். அதோடு அந்தத் தகராறு முடிந்தது.

காலனிப் பெண்கள், நர்ஸுகள் இரண்டு பேர், ஆம்பூர்க்காரர்கள், நாங்கள் என்று பதினைந்து பேர் சேர்ந்தோம். வரிசைக்கு ஐந்து பேராக மூன்று வரிசை. நானும் அம்மாவும் எங்கே நின்றிருப்போம் என்று சொல்லவே வேண்டாம். கடைசி வரிசை, இடது ஓரம். கோயிலானாலும் கல்யாணமானாலும் நாங்கள் குடும்பத்தோடு தேடிப்போகும் இடம் அது. மூலையில் அம்மா, பக்கத்தில் நான்.

ஆட்டம் கேட்டதைவிட எளிது. வலது காலை வை, இடது காலைப் பின்னால் கொண்டுபோ, மறுபடி வலது, இடது கால் விரலால் தரையைத் தொடு. அதையே இடப்பக்கம் திருப்பிச் செய். பிறகு முன்னால் மூன்றடி, பின்னால் மூன்றடி. முன்னால் நிற்பவர்களின் காலைப் பார்த்து அம்மா அழகாக ஆடினாள். எனக்கு முன்பே பிடித்துக்கொண்டாள் என்பதுதான் உண்மை.

அப்புறம் கிளைவ் டேப் ரிக்கார்டரைத் தட்டினார். கிடார் பாட்டு. முதல் சுற்று நன்றாகப் போனது. சுற்று முடியும்போது எல்லோரும் இடப்பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும்; அங்கிருந்து அதே அடிகள் மறுபடி ஆரம்பிக்கும். நாலு சுற்றுக்கு நாலு சுவர். அந்தத் திருப்பத்தில் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இடது ஓரம் முழுக்க முன்வரிசை ஆகிவிட்டது. அம்மாவுக்கு முன்னால் இப்போது ஆளே இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மட்டும்தான். அடுத்த திருப்பத்திலும் அப்படித்தான். கடைசி வரிசைதான் அப்போது முன்வரிசை. ஒளிந்துகொள்ள என்று நான் பார்த்துவைத்த மூலை, கூடத்திலேயே எல்லோர் கண்ணும் படுகிற இடம்.

அந்த இரண்டாம் திருப்பத்தில் அம்மா நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒரு பெண் வந்து மோதினாள். "டீச்சர்! பாட்டைக் கேளுங்க! பாட்டைக் கேட்டு ஆடுங்க!" என்று டோரீன் கை தட்டினார். அம்மா திரும்பவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சொல்லிவிடலாம் போலிருந்தது. அம்மாவின் பார்வை தடுத்தது. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் பிரியாணி உண்மையிலேயே கோழி பிரியாணிதான். அம்மா தொடவில்லை. கை கழுவும் குழாயடியில் என்னை ஓரமாக இழுத்தாள்.

"சாயங்கால வண்டிக்குப் போய்டலாமா பாப்பா?"

அவள் முகத்துக்கு நேராக நின்று மெதுவாகக் கேட்டேன். "புடிக்கலையாம்மா?"

"புடிக்காம இன்னா." குழாயை இறுக்கி மூடினாள். "பாடத்தான் முடியாது. தாளமாவது உள்ள மிச்சம் இருக்குதான்னு பாக்க வந்தேன். எல்லாம் காலைப் பாத்து ஆடறதுதான். முன்னால ஒரு கால் இல்லன்னா ஒண்ணும் இல்ல."

எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், அந்தக் குழாயடியில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

அப்போது சரோஜா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு வந்தாள். அம்மாவுக்கு எதிரில் நின்று, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா சட்டென்று பதில் சொன்னாள்: "பசிக்கல, நீ சாப்டு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரயில்லயே பாத்தேன் டீச்சரம்மா" என்றாள் சரோஜா. "மூஞ்சியவே பாத்துப் பேசறீங்க. எங்க செக்‌ஷன்ல நாப்பது மிஷின் ஓடும். யாருக்கும் யாரு குரலும் கேக்காது. மாமியாருங்களத் திட்டறதுகூட வாயசைச்சுத்தான். மேஸ்திரிய எதிர்ல வச்சுக்கினே அவரப் பத்திப் பேசுவோம்னா பாத்துக்கங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும்தான். "யாராண்டயும் சொல்லிடாத" என்றாள்.

"நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா மூலையில போய் நிப்பாங்களா யாராவது? நடுவுல நில்லுங்க. எந்தச் சொவுரப் பாத்துத் திரும்புனாலும் எங்க ஆளு ஒருத்தி முன்னால இருப்பா. நாலு பக்கமும் நாங்க நின்னுக்கறோம். பேஜாரே இல்ல."

வண்டிக்குப் போகவில்லை. மத்தியானம் அம்மா நடு வரிசையின் நடுவில் நின்றாள். ஆம்பூர்ப் பெண்கள் நாலு பேர் நாலு பக்கமும் நின்றுகொண்டார்கள். எத்தனை முறை திரும்பினாலும் அவள் முன்னால் ஒரு ஜோடிக் கால். மூலையில் தெரிந்த அளவுக்கு நடுவில் அவள் தெரியவே இல்லை. அன்று இரவு டோரீன் வீட்டிலேயே தங்கினோம். இரண்டு கட்டிலுள்ள அறை, காலைக் காப்பியோடு பதினைந்து ரூபாய். ஆம்பூர்க்காரர்கள் ஊருக்குப் போய்விட்டுக் காலையில் திரும்பி வந்தார்கள்.

ஞாயிறு டோரீன் பூசைக்குப் போய் வந்த பிறகு பத்தரைக்குத்தான் பயிற்சி. இன்னும் இரண்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மணிக்கு, கடைசியாக, முதல் ஆட்டத்தையே நிறுத்தாமல் ஆடலாம் என்றார் கிளைவ். முதல் சுவர் தாண்டியதும் அம்மாவைக் கவனித்தேன். காலைப் பார்ப்பதை விட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலையில் மேகம் இறங்கியிருந்தது, அதைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பாட்டு இழுத்தது, முனகியது, நின்றது. டேப் சிக்கிக்கொண்டது. முன்வரிசை தடுமாறியது. நானும் நின்றேன். அம்மா நிற்கவில்லை. மலையைப் பார்த்தபடியே வலது, பின்னால், வலது, தொடு. சரோஜாதான் முதலில் புரிந்துகொண்டாள். பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்துவிட்டு அம்மாவோடு அடி வைத்தாள். ஓடிப்போய்க் கேசட்டைப் பிடுங்கிய டோரீன் அப்படியே நின்று, யாரும் நிறுத்தாதீர்கள் என்று கையைத் தூக்கினார். மூச்சுவிடாமல் எல்லோரும் மறுபடி சேர்ந்துகொண்டோம். இப்போது கேட்டு ஆட எதுவும் இல்லை. பதினைந்து பேருக்கும் அம்மாவின் கால்தான் தாளம். முப்பது வெறுங்கால் பலகையில் விழும் சத்தம் மட்டும்தான் அந்தக் கூடத்தில். அவள் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடைசிச் சுவருக்குத் திரும்பியபோதுதான் டோரீனைப் பார்த்தாள். அவர் கையில் உருவிய டேப் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"எப்ப நின்னுச்சு?"

சரோஜா குரலில்லாமல் உதட்டால் பதில் சொன்னாள். இந்தத் தடவை எனக்கும் புரிந்தது.

"ரெண்டு சொவுருக்கு முன்னாடி."

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அவளை அப்படியே விட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். வருடத்துக்கு ஒருமுறை, கிளைவ் விடுமுறைக்கு வரும்போது நடத்துவதாகச் சொன்னார்கள். முன்கூட்டியே ஒரு தபால் கார்டு போட்டுவிடுவது நல்லது. புடவையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், காலனித் தண்ணீர் கொஞ்சம் உப்பு. திரும்ப நாலரை வண்டியில் கூட்டம் ஜாஸ்தி. வாணியம்பாடியில் இடம் கிடைக்கும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு, ஒரே ஒரு வார்த்தை: ஓரம் பாதுகாப்பு என்று நம்பி இத்தனை நாள் இருந்துவிட்டேன். நாலு பக்கமும் ஆள் இருக்கிற இடத்தில்தான் மனுஷருக்கு மறைப்பு இருக்கிறது.

ஆம்பூரில் ஐந்து பேரும் இறங்கிக்கொண்டார்கள். வண்டி நகர்ந்த பிறகும் சரோஜாவும் அம்மாவும் ஜன்னலுக்கு உள்ளும் வெளியுமாக வாயசைத்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிளாட்பாரச் சத்தம் அவர்களுக்கு ஒரு தடையே இல்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "மேஸ்திரியப் பத்தி" என்றாள்.

காட்பாடியில் இறங்கும்போது நன்றாக இருட்டியிருந்தது. டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கண்டக்டர் பின்னாலிருந்து அம்மாவிடம் ஏதோ கேட்டார், மறுபடியும் கேட்டார். "இன்னாம்மா, எங்க போவணும், சொல்றதுக்கு இன்னா?" என்று எரிந்து விழுந்தார். வழக்கம்போல நான் நடுவில் புகுந்து பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்றாள், பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும் குரலில். "மூஞ்சியப் பாத்துக் கேளுங்க, சொல்றேன்."

கண்டக்டர் வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கினார். கொஞ்சம் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அம்மா இரண்டு டிக்கெட் வாங்கினாள்.