நரி முகத்தில் விழித்த வருடம்

என் மகள் பிறந்தது நரி முகத்தில் விழித்த பலன் என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவேன். மகளிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நரி இருந்தது உண்மை. அதன் முகத்தில் நான் விழித்ததும் உண்மை. மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருடம் அது. பூந்தமல்லி சாலையில் மாட்டு வண்டிகளும் ஜட்காக்களும் மேற்கே பார்த்து வந்துகொண்டே இருந்தன. திருமழிசையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்கு ஒரு டீச்சர் குடிவந்தார். கிறிஸ்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையுமாக வந்து இறங்கினார். அதே சித்திரை மாதத்தில்தான் நரியும் வந்தது.

என் கணவர் ஏரிக்கரையை ஒட்டிய நிலத்தில் கத்தரியும் கீரையும் போட்டுப் பட்டணத்துக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர். வரப்பு வெட்டும்போது நரி வளை ஒன்று இடிந்துவிட்டது. தாய் ஓடிவிட்டது. ஊர் நாய்கள் குட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுவிட்டன. மிஞ்சிய ஒன்றை அவர் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். தானாக ஓடியாடித் தின்னும் அளவுக்கு வளர்ந்ததும் ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். துண்டை விலக்கி அந்தக் கூர் மூக்கைப் பார்த்த அந்த நிமிடமே நான் வேறு கணக்குப் போட்டுவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. காலையில் காரியமாக வெளியே கிளம்புகிறவர்கள் நான் எதிரே வந்தால் சட்டென்று எதையோ மறந்தவர்கள் மாதிரி உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். பக்கத்து வீட்டில் இருந்த என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி, நான்கு பிள்ளை பெற்றவள். அவள் வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடுவாள். மாவாட்ட, பாத்திரம் துலக்க. வளையல் அடுக்கும் நேரத்துக்கு எனக்குக் கொல்லைப்புறத்தில் ஏதாவது வேலை வைத்திருப்பாள். ஆக, எந்த முகம் ராசி, எந்த முகம் ராசியில்லை என்ற பாடம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நரி முகம் ராசியான முகம். ஒருவனுக்கு நல்லது நடந்தால் நரி முகத்தில் முழித்தாயா என்றுதானே கேட்கிறோம்?

மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையை மூங்கில் படல் வைத்து அடைத்தோம். காலையில் கண்ணை மூடியபடியே எழுந்து, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வரை போவேன். நரிக்கு நேரே நின்றுதான் கண்ணைத் திறப்பேன். அவருக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஏழு வருடமாக நான் கேட்ட அந்த ஒன்றை அவரால் தர முடியவில்லை என்று அவருக்குள் ஒரு குறை இருந்தது, பேசாமல் கூட்டிப்போவார். இரண்டு மாதம் கழித்து, விட்டுவிடலாமா என்றார். பாவம், இன்னும் குட்டிதானே என்றேன். அதற்கு அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

ஒரு நாள் மத்தியானம் டீச்சரும் சேர்ந்து மூன்று பேருமாக அதன் முன் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசினோம். நான் என் கட்சியை நன்றாகவே பேசினேன். வெளியே விட்டால் நாய் கிழிக்கும், இங்கே வேளாவேளைக்குச் சோறு, கோழித்தலை, மழை படாத இடம், இதற்கு மேல் ஒரு நரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். டீச்சர் என்னை முழுக்க மறுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை தன் வகுப்புப் பிள்ளைகளை உயிர்க் காலேஜுக்குக் கூட்டிப்போவாராம். பட்டணத்தில் மிருகக்காட்சிசாலையை அப்படித்தான் சொல்வார்கள். காட்டையே பார்க்கப்போகாத பிள்ளை ஒரு புலியைக் கண்ணால் பார்ப்பதில் தப்பில்லை என்றார். ஆனால் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு, அது நடக்க இடமும் நம்மிடமிருந்து ஒளிந்துகொள்ள ஒரு மறைவும் கொடுக்க வேண்டும் என்றார். என் கணவர் அதற்கும் ஒப்பவில்லை.

"மாடு நம்மகூடவே பொறந்து வளந்தது, அதுக்கு நாம வோணும். இதுக்கு நாம எதுக்கு? நமக்குத்தான் இது வோணும்னு வெச்சிகினு கீறோம்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததை ஒப்புக்கொண்டால் அடுத்த நிமிடமே படலைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதும் புரிந்தது. அதனால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

ஆடி மாதத்தில்தான் காரியம் கெட்டது. தெருக்கோடியில் ஒரு அம்மாள், அவள் மகன் ரங்கூனில் இருந்து நடந்தே கிளம்பியதாகக் கேள்வி, அதற்குப் பிறகு தகவல் இல்லை. ஒரு விடியற்காலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து நரி முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்கு மத்தியானமே அவன் உயிரோடு கல்கத்தா வந்து சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? பெண் பார்க்கப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பட்டாளத்தில் சேரப் போகிறவர்கள் எல்லோரும் பொழுது விடிவதற்குள் எங்கள் வாசலில். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி வருவார்கள். நான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்துவேன். என்னைக் கண்டு தண்ணீர் குடிக்க உள்ளே போன அதே ஜனங்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சுகத்தை நான் என்னவென்று சொல்வது! பிள்ளை வேண்டும் என்ற ஆசைகூட அதற்குப் பின்னால் போய்விட்டது. இதுதான் நிஜம்.

நரிக்கு மட்டும் இதெல்லாம் தெரியவில்லை. ராத்திரியெல்லாம் படலுக்குள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, விடிகிற நேரத்தில் மூலையில் சுருண்டு வாலால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கும். வாசலில் ஆறு பேர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது அது முதுகைக் காட்டினால் எப்படி? முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி நாக்கைத் தட்டினேன். பிறகு தண்ணீர் தெளித்தேன். பிறகு ஒரு நீளக் குச்சி. விலாவில் ஒரு குத்துக் குத்தினால் திரும்பிப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து, கண்ணைத் திறங்கள் என்பேன்.

கார்த்திகையில் ஓரகத்தி தன் மூத்த பெண்ணுக்கு நிச்சயம் பேசக் கிளம்பினாள். அவள் என் வாசலுக்கு வந்து நின்றதே எனக்கு ஒரு ஜன்மத்துக்குப் போதும். அன்றைக்கென்று நரி அசையவில்லை. குத்தினேன், மறுபடி குத்தினேன். சுவரோடு ஒட்டிக்கொண்டதே தவிர முகத்தைத் தரவில்லை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள், முதுகைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஒரு நரிக்குக்கூட இந்த ஊட்ல மூஞ்சி காட்ட இஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குச்சியும் கையுமாக நான் அப்படியே நின்றேன். கணவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமல், நரியைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், அது தெனம் யாரு மூஞ்சில முயிக்குதோ."

ஊரே சொல்லியிருக்கலாம். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் சொன்னதில்லை. ஓரகத்தி சொன்ன சூடு ஆறுவதற்குள் அவர் வாயிலிருந்தும் அதே மலடிப் பட்டமா என்று எனக்குக் காதெல்லாம் அடைத்துப் போயிற்று. அவரோடு பேச்சை நிறுத்தினேன். மறுநாளே பூந்தமல்லிக்குப் போய் வண்டி செய்கிற ஆசாரியைப் பிடித்தேன். நரியின் நீளத்தையும் அகலத்தையும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அதன் உடம்பு அகலத்துக்குமேல் நான்கு விரல் இருந்தால் போதும், முன்பக்கம் கம்பி, மூன்று பக்கமும் மேலேயும் பலகை, கதவு பின்னால் என்று சொன்னேன். ஆசாரி கயிற்றின் அகல முடிச்சைத் தன் கையால் அளந்து பார்த்தார்.

"இதுல எப்டிமா திரும்பும்?"

"திரும்பத் தேவயில்ல."

கூண்டு வந்தது. கோழித்தலையைக் கம்பி ஓரம் வைத்து, பின்கதவு வழியாக நரியை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். படுக்கலாம், எழுந்திருக்கலாம், அவ்வளவுதான். அதன் பிறகு யார் எப்போது வந்தாலும் முகம் தயாராக இருந்தது. ஓரகத்தி மறுபடி வந்து நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள், நிச்சயமும் ஆனது. அந்தக் கல்யாணத்தில் எனக்கு முன்வரிசை.

டீச்சர் அந்தக் கூண்டை ஒரு தரம்தான் வந்து பார்த்தார். "நான் சொன்ன உயிர்க் காலேஜை இதோடு சேர்த்துவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். பட்டணத்தில் பயம் குறைந்து பள்ளிக்கூடம் திறந்தபோது தகரப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார், ஆனால் கொட்டகைப் பக்கம் போகவில்லை. நல்லது, ஒரு கண் குறைந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மாசி மாதம். ஒரு காலையில் நான்கைந்து பேர் பார்த்துவிட்டுப் போன பிறகு, கூண்டுக்கு அடியில் பெருக்கலாம் என்று பின்பக்கம் போனேன். நாறுகிறது என்று அந்தப் பக்கம் நான் போயே நாளாகிவிட்டது, சுத்தம் செய்வதெல்லாம் என் கணவர்தான். போனால், கதவு திறந்து கிடக்கிறது. முழுசாக, பலகை வெளிப்பக்கம் மடங்கி. கீழே சிலந்தி அதில் ஒரு நூலும் கட்டியிருந்தது. பேச்சை நிறுத்தி மூன்று மாதத்துக்குமேல் ஆகியிருந்தும், கத்திக்கொண்டு போய் அவரைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. மூன்று நாளாகத் திறந்துதான் இருக்கிறது, தானாகப் போய்விடும் என்று நினைத்தேன் என்றார்.

"அதுக்குப் பின்னால கதவு கீதுன்னு எப்டிமே தெரியும்? திரும்பினாத்தானே தெரியும்."

மூன்று நாளாக அது சிறையில் இல்லை. மூன்று நாளாக, காலையில் வந்து நின்ற எல்லோருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறது. கோடாலியை நானே எடுத்துவந்தேன். அவர் வாங்கிக் கம்பிகளைப் பெயர்த்தெடுத்தார்.

வெளியே வந்ததும் ஓடும் என்று நினைத்தேன். என் மேல் பாய்ந்தால்கூட நல்லது என்று நினைத்தேன். பின்னங்கால் இரண்டும் நேராக ஊன்றவில்லை. இடுப்பை இழுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தது. வாசல் ஒரு பக்கம் திறந்திருந்தது, அந்தப் பக்கம் போகவில்லை. கொட்டகைச் சுவர் மூலைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. சோறு வைத்தேன், திரும்பவில்லை. அன்றைக்குக் குச்சியைத் தொட எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் கண்ணைத் திறந்துகொண்டுதான் போனேன். அப்படியே கிடந்தது, உயிர் இல்லை. அதற்குள் யாரோ ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்று, அக்கா, கையைப் பிடி என்றாள். இனிமேல் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஏரிக்கரையில், வளை இருந்த வரப்பு ஓரம் அவர் குழி வெட்டினார். கொண்டுவந்த அதே துண்டில் சுற்றியிருந்தோம். முகத்தை ஒரு தரம் பார்க்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டவர், நடக்காமல் அங்கேயே நின்றார்.

"அன்னிக்கு நான் புள்ள இல்லாதத சொல்லலமே. தெனம் காத்தால குச்சி எடுத்துகினு வந்து குத்தற மூஞ்சின்னுதான் சொன்னேன்."

மலடி முகம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஆயுசுக்கும் சண்டை போட்டிருப்பேன், நியாயமும் என் பக்கம் இருந்திருக்கும். அவர் சொன்னது அது இல்லை. இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள், தெரு முழுக்க நரியைச் சொல்லி வாழ்த்தியது. அவர் அப்போது என் முகத்தைப் பார்த்தார். நான்தான் திருப்பிக்கொண்டேன்.