வத்தல் மண்டி மாடியில் குளிர் எச்சரிக்கை

குளிர் வரப்போகிறது என்று சொல்லுகிற தொழிலில், சொன்னபடி வந்தால் யாருக்கும் சந்தோஷம் கிடையாது. வராவிட்டால் நமக்கு மரியாதை கிடையாது. பஸ் நிலைய விசாரணை ஜன்னல், மின்வாரிய புகார் மேசை என்று எங்காவது உட்கார்ந்து, தன் கையில் இல்லாத விஷயத்துக்காகத் திட்டு வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் உங்கள் கட்சி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் எனக்கு விருதுநகரில் வேலை. சேகர் சார் கனடாவில் ஒரு வானிலைக் கம்பெனியில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ராத்திரியெல்லாம் விழித்திருந்து குளிரைக் கவனிக்க ஆள் கிடைப்பதில்லை. அவர்களுடைய ராத்திரி நமக்குப் பகல். அந்த ராத்திரி வேலையை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து ஒரு மிளகாய் வத்தல் மண்டியின் மாடியில் வைத்தார். நாலு கம்ப்யூட்டர், இயற்பியல் படித்த நாலு பேர். மணிக்கு ஒரு தடவை அந்த ஊர்களின் டிகிரியையும் காற்றின் வேகத்தையும் பார்த்து, இரண்டும் சேர்ந்து உடம்பில் எவ்வளவு உறைக்கும் என்று கணக்குப் போடவேண்டும். எல்லை தாண்டினால் ஸ்கூல் பஸ் நடத்துகிறவர்கள், லாரிக் கம்பெனிகள், மாட்டுப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் போன் போடவேண்டும். கீழே மூட்டையைப் புரட்டினால் மேலே எங்களுக்குத் தும்மல் வரும். "மைனஸ் நாற்பது" என்று சொல்லிவிட்டு நான் தும்மினால், பாவம், இவளுக்கும் குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

வத்தலோடு வத்தலாக

சேர்ந்த மூன்றாம் நாள் சேகர் சார், "நீங்க பார்த்ததிலேயே பெரிய குளிர் எது?" என்று கேட்டார். நான் கொடைக்கானல் என்றேன். பக்கத்து மேசை பாண்டியராஜன், சிவகாசி ஐஸ் கம்பெனி என்றான். சார் உடனே எங்களை ஆட்டோவில் ஏற்றி, ஊருக்கு வெளியே வத்தல் மூட்டை அடுக்கிவைக்கிற குளிர்பதனக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஆறு டிகிரி. சும்மா நின்றபோது, இவ்வளவுதானா என்றிருந்தது. அப்புறம் கையோடு கொண்டுவந்திருந்த மேசை ஃபேனைப் போட்டு எங்கள் முகத்துக்கு நேரே திருப்பினார். கொஞ்ச நேரத்தில் காது வலித்தது. அவிழ்ந்த சட்டைப் பித்தானை மாட்ட பாண்டியராஜனுக்கு விரல் வளையவில்லை.

"டிகிரி மாறலை, காத்து மட்டும்தான் கூட. இதுல இருந்து இன்னும் நாற்பது டிகிரி இறக்கி நினைச்சுப் பாருங்க. அங்க ஏழு வயசுப் பிள்ளை ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிக்கும்" என்றார் சார். வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி நாங்கள் நடுங்கிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, இம்புட்டு நாளும் வத்தலத்தான் கெட்டுப்போகாம உள்ள வச்சோம், இப்ப படிச்ச பிள்ளைகளையும் வைக்கச் சொல்லிட்டாகளா?"

கொடி என்ன செய்கிறது?

ஹெலன் என்ற அம்மா ஒரு சின்ன ஊரில் ஸ்கூல் பஸ்கள் நடத்திவந்தார். காற்றும் சேர்ந்து உறைக்கிற குளிர் மைனஸ் நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் பஸ் எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. தினமும் நமக்கு மத்தியானம் மூன்றரைக்கு, அவருக்கு விடிகாலை நான்கு மணிக்கு, நான் எண்ணைச் சொல்லவேண்டும்.

ஒரு ஜனவரி நாள். அந்த ஊர் வானிலை நிலையம் மைனஸ் முப்பத்துநாலு டிகிரி, காற்று பூஜ்யம் என்று காட்டியது. காற்று இல்லையென்றால் பஸ் ஓடலாம். ஆனால் அதற்கு இருபுறமும் உள்ள நிலையங்களில் காற்று முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கிற ஊரில் மட்டும் எப்படிக் காற்று நிற்கும்? மூன்று மணி நேரமாக அதே பூஜ்யம். காற்றை அளக்கிற கிண்ணங்கள் உறைந்து நின்றுபோயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சேகர் சார் மதுரைக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. "மெஷினே காத்து இல்லைங்குது. நீ இருக்குன்னு சொல்லி பஸ்ஸை நிறுத்தி, காத்து இல்லைன்னா என்ன செய்வ?" என்றான் பாண்டியராஜன். இருக்கிற காற்றை இல்லையென்று சொன்னால் என்ன ஆகும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மணி மூன்றரை. போனைப் போட்டேன். "அம்மா, எண் சொல்வதற்கு முன்னால் ஒரு உதவி. உங்கள் வீட்டிலிருந்து ஏதாவது கொடி தெரியுமா?" எதிர்த்தாற்போல் தபால் ஆபீஸ் கொடி இருக்கிறது, தெருவிளக்கில் தெரியும் என்றார். போனை மேசையில் வைக்கிற சத்தம், செருப்பு தேய்கிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்ததில் காது எரிந்தது. திரும்பிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்: "மகளே, கொடி ஆடவில்லை, காற்றில் கம்பத்திலிருந்து பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது; பஸ் எல்லாவற்றையும் நிறுத்துகிறேன், நீ போய் ஒரு டீ குடி."

பதினெட்டு

இது என் தப்பு. அமெரிக்க எல்லையோரமாக ஓடுகிற ஒரு லாரிக் கம்பெனிக்கு எச்சரிக்கை எழுதினேன். பக்கத்தில் இருந்த நிலையம் அமெரிக்கப் பக்கம், அங்கே பாரன்ஹீட். நான் அவசரத்தில் அந்த மைனஸ் பதினெட்டை அப்படியே செல்சியஸ் என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் அது செல்சியஸில் மைனஸ் இருபத்தெட்டு. பதினெட்டு என்றால் அந்த ஊர் டிரைவர் கையுறை இல்லாமல் இறங்கி வேலை பார்ப்பார். இருபத்தெட்டில் பார்த்தால் விரல் போய்விடும்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்த பிறகுதான் பொறி தட்டியது. முதல் வாயைத் துப்பிவிட்டு ஓடினேன். அந்தக் கம்பெனியில் லாரிகளை அனுப்புகிற பெண்ணிடம், "நான் தப்பாக அனுப்பிவிட்டேன், யாராவது வெளியே இருக்கிறார்களா?" என்று கேட்டேன். ஒரு லாரி சாலையோரம் நின்று அரைமணி ஆகிறது, பிரேக் குழாய் கோளாறு, டிரைவர் போன் எடுக்கவில்லை என்றாள். பிறகு என்னைத் திட்ட நேரமில்லாமல், அந்தச் சாலையில் பனி தள்ளிக்கொண்டிருந்த வண்டிக்காரரைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னாள். நாற்பது நிமிடம். சேகர் சார் என் பின்னால் நின்றார். கடைசியில் தகவல் வந்தது. டிரைவர் கையுறையைக் கழற்றிவிட்டு லாரிக்கு அடியில் படுத்திருந்திருக்கிறார். இரண்டு விரல் நுனி வெள்ளையாகிவிட்டது. வண்டிக்குள் ஏற்றிச் சூடு காட்டியதில் விரல் தப்பியது, தோல் மட்டும் உரிந்தது.

ஒரு வாரம் கழித்து, எண் அனுப்பிய ஆளோடு பேசவேண்டும் என்று அந்த டிரைவரே கூப்பிட்டார். வேலை போனது என்று நினைத்துக்கொண்டுதான் போனை வாங்கினேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தப்பான எண் அனுப்பியது நீ, தப்பு என்று கூப்பிட்டுச் சொன்னதும் நீ என்றார்கள், இரண்டாவது ஆளுக்கு மட்டும் நன்றி."

அச்சங்குளத்துக்கு ஒரு போன்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கனடாவில் இன்னும் குளிர் இறங்கவில்லை, எங்களுக்கு வேலை குறைவு. சும்மா நம் பக்கத்து செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். மேற்கே மலையோரம் பிறந்த இடிமேகம் ஒன்று சாத்தூர்ப் பக்கம் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. என் அப்பா அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலையில் இருந்தார். அங்கே உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். போர்மேன் ராமசாமி எடுத்தார். "அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல இடி இறங்கும் போல இருக்கு, ஆளுகளை வெளிய எடுங்க" என்றேன்.

"இங்கன வெயிலு சுள்ளுனு அடிக்கி, தாயி. சீசன் நேரம், லோடு நிக்கி" என்றார். நான் விடவில்லை. எங்கள் வேலையில் மூன்று தடவை சொல்லவேண்டும் என்று சேகர் சார் பழக்கியிருந்தார். மூன்றாம் தடவை என் குரல் உடைந்துவிட்டது. அண்ணாச்சி மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். காயப்போட்டிருந்ததையெல்லாம் எடுத்து மூடினார்கள். மேகம் வந்தது, இருட்டியது, நாலு தடவை உறுமியது, ஒரு சொட்டு விழாமல் கோவில்பட்டிப் பக்கம் போய்விட்டது. மத்தியான வேலை மொத்தமும் போச்சு.

சாயங்காலம் கம்பெனி வேன் சாத்தூரில் நிற்கும்போது அப்பாவைக் கூப்பிடப் போனேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார். முன் சீட்டில் இருந்த ராமசாமி அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஒண்ணும் நடக்கலையேன்னு கோவமாத்தான் இருக்கேன் தாயி, நடந்திருந்தா கோவப்பட ஆள் இருந்திருக்க மாட்டோம்ல, நீ நாளைக்கும் போன் போடு."

சமையலறையில் மூன்று

கார்ல் என்பவர் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். அங்கே மார்ச் மாதம் பசுக்கள் கன்று போடுகிற காலம், குளிர் திடீரென்று திரும்பிவருகிற காலமும் அதுதான். நான் ஒரு வியாழக்கிழமைக்குக் கடுங்குளிர் என்று சொன்னேன். அவரும் மனைவியும் இரண்டு நாள் படாதபாடு பட்டு மந்தை முழுவதையும் கொட்டகைக்கு ஓட்டிவந்தார்கள். குளிர் விலகிக் கிழக்கே போய்விட்டது. பத்து நாள் கழித்து மறுபடி அதே எச்சரிக்கை. "போன தடவையும் இதே குரலில்தான் சொன்னாய். பசு எல்லாம் தூரத்தில் நிற்கிறது. நாளை பார்க்கலாம்" என்றார். மூன்று தடவை சொன்னேன். இரண்டாம் தடவைக்கே வைத்துவிட்டார். மூன்றாவதை வெறும் போனுக்குச் சொன்னேன்.

மறுநாள் அவர் பண்ணைக்குப் பக்கத்து நிலையத்தில் மணிக்கு மணி எண் இறங்கியது. எங்கள் மாடியில் மின்சாரம் போய், யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தேன். காற்றும் கூடியது. ஈரத்தோடு விழுகிற கன்று அதில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியும், போடவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. அன்று பாண்டியராஜன் வாங்கிவந்து வைத்த டீ ஆறிப்போனது.

மூன்றாம் நாள் கார்ல் தானே கூப்பிட்டார். குரல் கட்டியிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. பின்னால் ஏதோ கன்று கத்துகிற சத்தம் கேட்டது. "மூன்றைச் சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், மற்றதைப் பற்றிக் கேட்காதே, அடுத்த வாரம் எப்படி இருக்கும், சொல்."

சொன்னது பலிக்கவேண்டும் என்றும் பலிக்கக்கூடாது என்றும் ஒரே வாயால் இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு, அஞ்சு குளிர்காலம் நான் பார்த்த உத்தியோகத்துக்கு விஞ்ஞானம் என்று பெயர்.