பியானோக்காரரின் முணுமுணுப்பு

துபாய் சத்வாவில் ஒரு ஸ்டுடியோவில் நான் ஒலிப்பதிவாளர். போன வருடம் ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணியில் வாசிக்கும் குழு ஒன்று, பழைய ஜாஸ் பாடல்களை ஆல்பமாகப் பதிவு செய்ய வந்தது. பியானோ வாசித்தவர் மதுரைக்காரர், அறுபதை நெருங்கியவர். வாசிக்கும்போதே மெட்டை முணுமுணுத்துப் பாடுவார். அதுவும் மைக்கில் விழுந்தது.

“சார், வாயை மூடிக்கிட்டு வாசிங்க. டேக்கெல்லாம் வீணாகுது” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் குரல் விழுந்த அந்தப் பதிவுகளை அழித்தும் விட்டேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஆல்பத்தின் எட்டுப் பாடல்களையும் வாசித்து முடித்தார்.

ஆல்பம் வெளிவருவதற்குள் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவி அஜ்மானிலிருந்து பஸ் பிடித்து வந்து, முழு ஆல்பத்தையும் ஹெட்ஃபோனில் கேட்டார்.

“வாசிப்பு அவரோடதுதான் தம்பி. கூடப் பாடுவாரே, அது எங்க?”

“நான்தான் பாட வேண்டாம்னு சொல்லிட்டேன்மா.”

நான் மூலப் பதிவு முழுவதையும் தேடினேன். கடைசிப் பாடல் முடிந்த பிறகு, ஒரே ஓர் இடத்தில் அவர் குரல் இருந்தது: “இப்ப சரியா இருக்கா தம்பி?”

அந்த அம்மா அதை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். எனக்கு அந்தக் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. பதிவு அன்று நான் அவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.