அக்கா வீட்டுச் சுவரும் மீன்கண் லென்ஸும்

ஸ்டூடியோக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த சின்னக் கடை அது. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது விட்டுப்போன சாமான்கள். இரண்டுமே என் பழைய கேமராவுக்குப் பொருந்தும். ஒன்று சாதாரண வைட் லென்ஸ். மற்றது ஃபிஷ்ஐ. அதன் முன்கண்ணாடி மீன் கண் மாதிரியே உப்பி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

“எதுக்குத் தம்பி எடுக்கப் போறீங்க?” என்று கேட்டார்.

“அக்கா காம்பராவ உள்ளுக்குள்ள எடுக்கணும். செவுரு வெடிச்சிருக்கு.”

“அப்ப யோசிக்காம இத எடுங்க” என்று வைட் லென்ஸைத் தள்ளினார். “செவுரு செவுராவே இருக்கும். மத்தது வெளையாட்டுச் சாமான். அதுல எடுத்தா கதவு ஜன்னலெல்லாம் வாழக்கா மாதிரி வளஞ்சிரும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் எனக்குத் தெரியாது என்று இன்றுவரை என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அந்த வருஷ மழையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியிருந்தது. அக்கா குடும்பம் இருந்த கடைசிக் காம்பரா ஒரே அறைதான்; அதன் பின்சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளி நின்றது. ஆபத்தான காம்பராக்களில் இருப்பவர்களுக்கு மேட்டுப் பக்கம் புது வீடு தருவதாகப் பேச்சு. மனுவோடு படம் வைக்க வேண்டும். படத்தைப் பார்த்துத்தான் முதல் பட்டியல் போடுவார்களாம். அக்கா எனக்கு போன் போட்டாள். “நீதானே கேமராக்காரன், வந்து நல்லா எடுத்துக் குடு” என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், கட்டடங்களில் சீமெந்து தூக்கினேன், வவுனியாப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. வீட்டார் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஃபிஷ்ஐயை மாட்டிக் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே பஸ், கடைத்தெரு, கோயில் கோபுரம், எதிர்மலைத் தேயிலை, வானம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் சுருண்டு வந்து நின்றன. பட்டிப்பொலப் பக்கம் ரயில் வளைந்து வருவதை இதில் எடுத்தால் எப்படி இருக்கும், போனில் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று மனம் ஓடியது. இரண்டையும் வாங்க வழியில்லை. இதிலும் அக்கா வீடு முழுசாக வந்துவிடும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டூடியோக்காரர் அதைப் பொதிந்து கொடுத்தார்.

படம் எடுத்த அன்று அக்கா கொழுந்து பறிக்கப் போகவில்லை. அந்த நாள் பேர் போய்ச் சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை என்று நின்றுவிட்டாள். காம்பராவுக்குள் கதவோரம் முதுகை ஒட்டிக்கொண்டு நான் கேமராவைத் தூக்கினேன்.

“அந்த வெடிப்புக்குக் கிட்டப் போயி எடுடா” என்றாள்.

“கிட்டப் போகத் தேவல்லக்கா. இதுல மூலைமுடுக்கெல்லாம் வந்துரும்.”

எடுத்ததைக் கேமரா திரையில் காட்டினேன். அக்காவின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அடேங்கப்பா! நம்ம காம்பராவா இது? தொரை பங்களா மாதிரில்ல தெரியுது! மச்சான், ஒரு நாக்காலி போட்டு என்னையும் உக்கார வச்சு எடுங்க. காலையில பெரட்டுல வேல பிரிக்கிறப்ப எல்லாருக்கும் காட்டுறேன்.”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். படம் வீட்டைப் பெரிதாகக் காட்டுகிறது என்று அவர் என் முகத்துக்கு நேரே சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. ஹட்டனில் பெரிய அளவில் அச்சுப் போட்டு மனுவோடு கொடுத்தோம்.

இரண்டு மாதம் கழித்துத் தோட்ட ஆபிஸில் பட்டியல் ஒட்டினார்கள். அக்கா பெயர் இல்லை. கீழ் லயத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அவள் சுவர் அக்கா சுவரை விடக் குறைவாகத்தான் தள்ளியிருந்தது. என்ன செய்தாய் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

“என்னாத்த செஞ்சேன்? செவுத்துல ஒரு கம்பச் சாத்தி வச்சேன். நடுவுல செவுரு கம்ப முட்டுது, மேலயும் கீழயும் கை நுழையுது. அத அப்புடியே போன்ல புடிச்சேன். ஏண்ணே, இம்புட்டுப் பெரிய கேமரா வச்சிருக்கீங்களே, அதுல செவுரு தெரியாதா?”

அக்காவும் நானும் வீட்டு மனுக்களைப் பார்க்கிற டவுன் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த ஐயா கெட்டவர் இல்லை. கோப்பைத் தேடி எடுத்து, என் படத்தை மேசைமேல் வைத்தார். “மேக்கே ஒக்கோம எதய் நே, மல்லி” என்றார். இதில் எல்லாமே கோணலாக இருக்கிறதே தம்பி என்று அர்த்தம். கதவும் வளைவு, கூரையும் வளைவு, அலமாரியும் வளைவு, இதில் உடைந்த சுவர் எது, கேமரா வளைத்த சுவர் எது என்று கையை வளைத்து வளைத்துக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார். வேறு படம் கொண்டுவந்தால் அடுத்த பட்டியலுக்குப் பார்க்கலாம் என்றார்.

அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. “என்னடா சொல்றாரு?” என்றாள்.

“எடம் பத்தலையாம்க்கா. அடுத்த லிஸ்டுல போடுவாங்களாம்.”

வாய் கூசாமல் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஒரு பணிஸை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். அதையும் வாங்கித் தின்றேன். அந்த வாரமே வேலை கிடைத்தது என்று கொழும்புக்குக் கிளம்பிவிட்டேன். வேறு படம் எடுத்துக் கொடுக்க அரை நாள் போதும். எடுத்தால், ஏன் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அக்கா போனில் பேசும்போதெல்லாம் சாதாரணமாகத்தான் பேசினாள். பாயெல்லாம் முன்பக்கம் மாற்றியாகிவிட்டது, அடுப்பையும் முன்னால் கொண்டுவந்தாகிவிட்டது, வீட்டுக்காரர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், சாக்கு கட்டிப் படுத்துக்கொள்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்தடிக் காம்பராவில் பாதியை விட்டுவிட்டு ஐந்து பேர் மிச்சப் பாதியில் இருந்தார்கள். மழைச் செய்தி வரும்போதெல்லாம் அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. மூன்று மாதம் அப்படி ஓட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினேன்.

கேமராவைக் கொண்டுபோகவில்லை. கம்பு ஒன்றைத் தேடி எடுத்து, போனையும் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, அன்னிக்கி அந்த ஐயா எடம் பத்தலைன்னு சொல்லல. என் படத்துலதான் கொற” என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“தெரியும்.”

“எப்புடி?”

“அவருதான் கைய வளச்சு வளச்சுக் காட்டுனாரே. சிங்களம் தெரியாட்டிக் கண்ணும் தெரியாதா?”

“அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா என்னா செய்வ? பையத் தூக்கிக்கிட்டுப் போயிருவ, அஞ்சு வருசம் வரமாட்ட. கேக்காமயே போயிட்டியே, அப்பறம் என்னாத்தக் கேக்குறது.”

சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கம்பை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தி, மேல்முனையைப் பிடித்துக்கொண்டாள். மேலே, கம்புக்கும் சுவருக்கும் இடையில் இப்போது அவள் கை முழங்கைவரை நுழைந்தது.

“என் மூஞ்சி விழணும்னு இல்ல. செவுரு விழுற மாதிரி எடு” என்றாள்.

நான்கு படம் எடுத்தேன். மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா பார்த்துவிட்டு, இதை அப்போதே கொண்டுவந்திருக்கலாமே என்றார். பட்டியல் இன்னும் வரவில்லை. நான் கொழும்புக்குத் திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மரக்கறி லொறி ஏற்றுகிறேன். மழை பிடித்தால் நேரே அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். பாதிக் காம்பராவில் எனக்கு இடமில்லை. இஸ்தோப்பில் மச்சானும் நானும் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே மண் உதிர்கிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.