இரண்டு விரல் காட்டினால் மூடி

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் ஆறடி மூன்றங்குலம். கல்லூரியில் வைத்த ‘நெட்டை’ என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, வலியைக் காட்டாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். “ஆள் வளந்த அளவுக்குப் பார்வை வளரல போல” என்றார் அப்பா. எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போய்விட்டது.

கூடைப்பந்துதான் அவருக்கு எல்லாம். கல்லூரி அணியில் மூன்று வருடம் ஆடினார். கடைசி வருடம் எம்பிக் குதித்து இறங்கும்போது முழங்கால் திரும்பிக்கொண்டது. அந்தச் சத்தம் காலரி வரைக்கும் கேட்டதாம். ஆட்டம் அத்தோடு போச்சு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மாமாவுக்குக் கால் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் சேர்த்து வாய் வேலை செய்தது.

ஒரு பெண்கள் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்து பதினோரு வருடம் கத்தினார். விசில் கழுத்தில் சும்மா தொங்கும். புது ஆட்டமுறைகளை எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில்தான் கண்டுபிடிப்பார். அக்காவின் பெரிய டப்பாக்கள் ஐந்து நம் அணி, சின்ன டப்பாக்கள் ஐந்து எதிரணி. அதனால் ஒவ்வொரு முறைக்கும் பாத்திரப் பெயர்தான். கேப்டன் இரண்டு விரல் காட்டினால் ‘மூடி’: பந்து இடது மூலைக்குப் போகும். காதைத் தொட்டால் ‘கரண்டி’: பந்து வளைந்து வளையத்துக்குக் கீழே வரும். இப்படிப் பதினான்கு முறைகள். ஒரு நாள் பெண்களுக்கு விளக்கிக் காட்டுகிறேன் என்று பத்து டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போனவர், திருப்பிக் கொண்டுவரவே இல்லை. அக்கா அதை ஒரு நாளும் மறக்கவில்லை, அவரை மறக்க விடவும் இல்லை.

வானொலிக்கு அவர் வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. நான் எஃப்.எம். நிலையத்தில் ஒலிப்பதிவு பார்க்கிறவன். அந்தக் கல்லூரி நூலகரைப் பேட்டி எடுத்தபோது, புத்தகங்களைப் பற்றி அவர் மெதுவாகப் பேசப் பேச, ஜன்னல் வழியாக “கைய மேல தூக்கு! இன்னும் மேல!” என்று ஒரு குரல் பதிவாகிக்கொண்டே இருந்தது. எவ்வளவு வெட்டியும் போகவில்லை. எங்கள் நிலையத் தலைவர் கேட்டுவிட்டு, “யாருப்பா இது? இந்தக் குரலுக்கு மைக்கே வேணாமே” என்றார்.

“எங்க மாமா சார்” என்றேன் தலைகுனிந்து.

அடுத்த மாதமே மாமா விளையாட்டு வர்ணனையாளர் ஆகிவிட்டார். தன்னிடம் மூன்று வருடம் ஆடி, அணிக்குத் தலைமை தாங்கிய பெண்ணிடம் விசிலைக் கொடுத்துவிட்டு வந்தார். பயிற்சியாளர் ஆன பிறகும் அவளை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

தலைவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பழைய அணி ஆடினால் மாமா மைக் பக்கம் வரக் கூடாது. “கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டு அடுப்படில போய் நின்னுகிட்டு அப்பன் பேசுற மாதிரி ஆயிடும்” என்றார். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. பழைய அணியின் அரையிறுதி அன்றைக்குப் பார்த்து இன்னொரு வர்ணனையாளருக்குக் காய்ச்சல், தொண்டையும் கட்டிக்கொண்டது. வேறு வழியில்லை. “நடுநிலையா பேசு, அது போதும்” என்று சொல்லித் தலைவர் மாமாவை அனுப்பினார்.

அந்த நடுநிலைதான் வினையாயிற்று. தன் பெண்களின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில் மனுஷன் எதிர்ப்பக்கமாகப் போய் விழுந்தார். எதிரணியின் உத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் தன் அணியின் உத்தியைப் போட்டுடைத்து இருபது சொன்னார். கடைசிப் பத்து நிமிடம் தொடங்கியபோது காலரி உச்சியில் கண்ணாடி அறைக்குள் முழு வேகத்தில் இருந்தார்.

“ரெண்டு விரலக் காட்டுறாங்க நேயர்களே. இதுக்குப் பேரு மூடி. பந்து இடது மூலைக்குப் போகும், பாருங்க. அடடா, எதிரணி முன்னாடியே அங்க போய் நிக்குதே. வேற வழியில்லாம பந்த உள்ள கொடுத்துட்டாங்க. நல்லவேளை, விழுந்துருச்சு.”

இதே மாதிரி நாலைந்து தடவை நடந்தது. எனக்கு எங்கேயோ இடித்தது. கீழே எதிரணி பெஞ்சைப் பார்த்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளர் காதில் இயர்போன். மாமா ஒரு வாக்கியம் முடிக்க, அவர் குனிந்து தன் பயிற்சியாளரிடம் ஏதோ சொல்ல, அந்தப் பயிற்சியாளர் எழுந்து நின்று இடது மூலையைக் காட்டிக் கத்தினார். ஒரு தாளில் எழுதி மாமா முன்னால் தள்ளினேன்: ‘எதிரணி உதவியாளன் ரேடியோவில் உங்கள் பேச்சைக் கேட்கிறான்.’

மாமா படித்தார். நான்கு விநாடி வானொலியில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் தொழிலில் அது பெரிய குற்றம். அதற்கு மேல் அவர் பாயிண்ட் எண்ணிக்கையைத் தவிர எதுவும் சொல்லவில்லை. பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆறு பாயிண்ட் முன்னால் இருந்த பெண்கள் இரண்டு பாயிண்டில் தோற்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் மட்டும் சொன்னார். “தவளை தன் வாயால தான் மட்டும்தான் கெடும். நான் பன்னெண்டு பொண்ணுங்களையும் சேத்துக் கெடுத்துட்டேன்.” பிறகு ஒரு தாளை எடுத்து ராஜினாமா எழுதினார். காலையில் கேப்டனைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டு, நேராக நிலையத்தில் கொடுத்துவிடப் போகிறாராம். எனக்கு அவர்மேல் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைக் இல்லாத மாமாவை நினைத்துப் பார்த்தேன். கால் ஏற்கெனவே போயிற்று. வாயும் போனால் அந்த ஆறடி மூன்றங்குலத்தில் என்னதான் மிச்சம்?

தோற்ற மறுநாள் பயிற்சியில் ஓட்டம் கிடையாது, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ மட்டும்தான். மாமா காலத்துப் பழக்கம் அது. காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது பெண்கள் கோட்டில் வரிசையாக நின்று பந்தை வளையத்தில் எறிந்துகொண்டிருந்தார்கள். கேப்டன் ஓரத்தில் குறிப்பேட்டோடு நின்றாள்.

“கேப்டன், ஒரு விஷயம் சொல்லணும்மா” என்று தொடங்கி மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இயர்போன் ஆளை, மூடியை, கரண்டியை, எதையும் மறைக்கவில்லை. “நீங்க தோத்தது என்னாலதான். என் வாயாலதான்.”

கேப்டன் குறிப்பேட்டை மூடினாள்.

“சார், ரெண்டு விரல்னா இப்ப மூடி இல்ல.”

“என்ன?”

“நீங்க விசிலக் கொடுத்துட்டுப் போனீங்கல்ல, அன்னைக்குச் சாயங்காலமே பதினாலையும் மாத்திட்டேன். ரெண்டு விரல்னா இப்ப பந்து உள்ள வரும்.”

மாமா தன் இரண்டு விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

“மூணு வருஷம் உங்ககிட்ட ஆடினவ சார் நான். உங்க வாயப் பத்தி எனக்குத் தெரியாதா? நேத்து ரெண்டு விரலக் காட்டினதும் அவங்க இடது மூலைக்கு ஓடுனாங்க. மேல நீங்க பேசிட்டிருக்கீங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அதனாலதான் திரும்பத் திரும்ப ரெண்டு விரலையே காட்டச் சொன்னேன். பத்துப் பாயிண்ட் சும்மா கெடச்சுது. நீங்க திடீர்னு வாய மூடிட்டீங்க.”

“அப்ப ஏன் தோத்தீங்க?”

“ஃப்ரீ த்ரோ பதினாலுல ஒன்பது விட்டோம். அதுக்கு ரேடியோ என்ன பண்ணும்?”

மாமா மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருட உழைப்பை ஒரே சாயங்காலத்தில் தூக்கிப் போட்டிருக்கிறாள். கொஞ்சமாவது சுருக்கென்று தைக்கும் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

“வயித்துல பால வார்த்தம்மா” என்றார். “எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு ஒருத்தர் சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டது இதான் மொதத் தடவ.”

கிளம்பும்போது கேப்டன் அறைக்குள் போய் ஒரு பையை எடுத்து வந்தாள். உள்ளே டப்பாக்கள். “அக்கா தேடுவாங்க. இனிமே எங்களுக்கு வேணாம் சார்.”

காரில் ஏறிய இரண்டாவது நிமிடம் மாமா தூங்கிப்போனார். வீட்டில் அக்கா டப்பாக்களை எண்ணினாள். ஒன்பதுதான் இருந்தன. “பத்தாவது எங்க?” என்று கேட்டாளே தவிர, அவர் முகத்தைப் பார்த்ததும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை அவர் பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, உப்பு டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டாள்.

தலைவரிடம் நான்தான் நடந்ததைச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தார். “அப்ப அந்த நிபந்தனைய எடுத்துடலாம். அவனுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே.”

அடுத்த வருடம் அதே அணி, அதே அரங்கு. கீழே புதுத் தலைவி கையைத் தூக்கினாள். நான் மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“ரெண்டு விரலக் காட்டுறாங்க நேயர்களே. அதுக்கு என்ன அர்த்தம்னு சத்தியமா எனக்குத் தெரியாது. வாங்க, சேந்து பாப்போம்.”