கடைசித் தடுப்பு

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். நான் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறவன். பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அங்கம்மாவுக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் பனி இறங்குகிற ஒரு மத்தியானம் அவள் நிலத்துண்டுக்குத் தனியாகப் போய்ப் பார்க்கட்டும்.

எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே அங்கம்மாவுக்குக் கொஞ்சம் மரக்கறி நிலம் உண்டு. பள்ளமான இடம். ஒரு மழை பெய்தால் போதும், முழங்கால் வரை சேறு. அவள் புருசன் சின்னராசா தோட்டத்தில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன். தேயிலை மலையில் கான் வெட்டினால் இடைக்கிடை கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட வேண்டும். இல்லையென்றால் மழைத் தண்ணீர் மலை மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். அந்தப் பழக்கத்தில் மனுசன் சொந்தத் துண்டிலும் தடுப்பு விட்டே வெட்டிவிட்டான். ஓட வேண்டிய தண்ணீர் தேங்கி நின்று, நட்டிருந்த போஞ்சிக் கொடி அத்தனையும் அழுகிப் போனது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அன்றைக்கு நாங்கள் கேலி செய்தோம். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

“தண்ணி போறதுக்குத்தானே கான்? நீங்க அணை கட்டி வச்சிருக்கீங்களே!” என்றாள் அங்கம்மா.

“கத்தாத புள்ள. எல்லாத் தடுப்பையும் நானே வெட்டி விட்டுடுறேன்.”

சொன்னபடி மறுநாள் போனான். அடைமழை. மேட்டுக்கரை அப்படியே சரிந்தது. ஊரே திரண்டு மண்ணை வாரிப் பார்த்தது. ஆளும் இல்லை, அவன் மம்பட்டியும் இல்லை.

சொந்தக்காரர்கள் கருமாதி செய்யச் சொன்னார்கள். அங்கம்மா தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

“ஆளக் கண்ணுல பார்க்காம நான் எப்புடிங்க கழட்டுறது?”

பாவம், வேறு என்ன சொல்வாள்? சோறு போடும்போதெல்லாம் இரண்டு தட்டு வைத்தாள்.

வருசம் திரும்பியது. துக்கம் இருந்தாலும் வயிறு சும்மா இருக்குமா? சேற்றை வடியவைத்துப் போஞ்சி போட, தம்பி சதீஸ்குமாரைக் கூப்பிட்டாள். சரிந்த கரை வரைக்கும் அவன் புதிதாகக் கான் வெட்டினான். அவனும் தோட்டத்தில் கான் வெட்டுகிறவன்தானே! கை தன்னால் தடுப்பு விட்டுக்கொண்டே போயிருந்தது.

“நாளைக்கு எடுத்துடுறேன்க்கா,” என்று தலையைச் சொறிந்தான்.

விடிந்து போய்ப் பார்த்தால், கீழே இருந்த தடுப்பைக் காணோம்.

“நீயா தம்பி வெட்டுன?”

“இல்லக்கா... இப்பத்தானே வர்றேன்.”

வெட்டிய மண் இடப்பக்கம் குவிந்திருந்தது. சதீஸ்குமார் மண்ணை வலப்பக்கம் போடுகிறவன். இடப்பக்கம் போடுகிற ஒரே ஆள்... பீச்சாங்கைக்காரன் சின்னராசா. சுற்றிலும் சேறு. அதில் ஒரு காலடி கூட இல்லை.

அடுத்த நாள் இன்னொரு தடுப்பு போனது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. கீழிருந்து மேலே... சரிந்த கரையைப் பார்த்து.

அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம், லயத்துக் கூரையே தெரியாத பனியில் தனியாக இறங்கினாள்.

தொப்...

மம்பட்டிச் சத்தம்.

தொப்... தொப்...

“ஏங்க?”

சத்தம் நின்றது.

பனிக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள். வேலை செய்து களைத்த மூச்சு. அவள் ஓட நினைத்தாள். அப்புறம் அழுகைதான் வந்தது.

“போதுங்க... தண்ணி போயிருச்சு. வீட்டுக்கு வாங்க.”

மூச்சும் நின்றது.

பனி விலகியபோது யாரும் இல்லை. கரையடியில் கடைசித் தடுப்பு மட்டும் நின்றது. அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை. நாளுக்கு நாள் அது அப்படியே இருந்தது.

“அத மட்டும் ஏன் விட்டாரு?” என்று அரற்றிக்கொண்டே இருந்தவள், கடைசியில் தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் வெட்டச் சொன்னாள்.

சதீஸ்குமார் ஆழமாக இறக்கினான்.

ணங்!

உள்ளே இன்னொரு மம்பட்டி. அதன் பிடியை ஒரு கை பற்றியிருந்தது. வெறும் எலும்பு. இடது கை.

அந்தத் தடுப்பை அவன் எப்படி வெட்டுவான்? அதற்கு அடியில்தானே அவன் கிடந்தான்.

அங்கம்மா சேற்றில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேல முடிஞ்சிருச்சுங்க,” என்றாள். தாலியை அங்கேயே கழற்றினாள். அன்றைக்கு வீட்டில் ஒரே தட்டுத்தான் வைத்தாள்.

அந்த மம்பட்டியைப் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் கழுவியவன் நான். ஒரு வருசம் ஈரமண்ணுக்குள் கிடந்த இரும்பு. துருவேறி உதிர்ந்திருக்க வேண்டும். பொட்டுத் துரு இல்லை. அதன் வாய் தேய்ந்து, பளபளவென்று இருந்தது.

தினமும் மண் வெட்டுகிற மம்பட்டிதான் அப்படி இருக்கும்.