சிப்பிக்காரரின் மூச்சு

கணினித் திரையில் வந்த அந்தப் படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நுரையீரலின் அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கத்தியால் வெட்டியதுபோல் அத்தனை கூர்மையான விளிம்பு. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி மூச்சு விட்டால் கட்டியும் மேலும் கீழும் போய்வரும். படம் படிக்கட்டுபோல் உடைந்துதான் வரும். இது உடையவில்லை. ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில், புற்றுக்கட்டியின்மேல் கதிர் எங்கே, எவ்வளவு விழவேண்டும் என்று கணக்கிடுவது என் வேலை. நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சியில் கட்டியைச் சுற்றி ஒட்டினாற்போலக் கதிருக்கான எல்லைக்கோடு வரைந்தேன்.

அந்த நோயாளி இனயம் கடற்கரைக்காரர். கடற்பாறைகளில் முங்கிச் சிப்பி எடுப்பவர். முதல் நாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சாரே, செத்துப்போவேனான்னு கேக்கல்ல. இனி முங்க முடியுமா, அத சொல்லுங்க." கட்டி சிறியது, கதிர் படும் இடமும் சிறியது, முங்கலாம் என்றேன்.

சிகிச்சை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். வராந்தாவில் அவர் மனைவி பக்கத்திலிருந்த பெண்ணிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "ஸ்கேன் மெஷினுக்குள்ள எனக்க மாப்பிள ஒரு மூச்சு விடல்ல பாத்துக்க. அசையாதேன்னு சொன்னாவளாம். இவரு கடலுக்கடியில கெடக்கியதுபோல கெடந்திருக்காரு. வீட்டுல சண்ட போடும்போ மட்டும் மூச்சு நிக்காது."

"சும்மா கெட ஏட்டி," என்றார் அவர்.

"உள்ளதா, மூச்சே விடல்லியா?" என்று கேட்டேன்.

"ஆமா சாரே. படம் கலங்கப்பிடாதுல்லா?"

ஸ்கேனில் மூச்சடக்கிக் கிடந்தவர், சிகிச்சை மேசையில் எல்லோரையும்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் தினமும் எக்ஸ்ரேயில் எலும்புகளைப் பார்த்து அவரைச் சரியாகப் படுக்கவைத்தோம். எலும்புகள் இடம் மாறவில்லை. கட்டிதான் ஒவ்வொரு மூச்சிலும் என் கோட்டைவிட்டு வெளியே போய்வந்திருக்கிறது.

சரியான வழி எனக்குத் தெரியும். சிகிச்சையை நிறுத்தி, வயிற்றில் பட்டை கட்டி மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு மறுபடி ஸ்கேன் எடுத்து, புதிதாகக் கணக்கிட வேண்டும். அதற்கு முன் டாக்டரிடம் என் பிழையைச் சொல்ல வேண்டும். என்னைவிட மிக இளையவர். என் கணக்கில் தப்பே வராது என்று எல்லோரிடமும் சொல்பவர். இன்னொரு வழியும் இருந்தது. கட்டி எங்கே போனாலும் உள்ளே அகப்படும்படி கோட்டைப் பெரிதாக்கிவிடலாம். கட்டி சாகும், கூடவே நல்ல நுரையீரலும் வேகும்.

"பாதுகாப்புக்காகக் கோட்டக் கொஞ்சம் விரிச்சிருக்கேன் டாக்டர்," என்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

அதன்பின் சிகிச்சை முடியும்வரை தினமும் கண்காணிப்புத் திரையின் முன் நின்றேன். சிப்பிக்காரரின் நெஞ்சு எழும், தாழும்.

கட்டி கரைந்தது. சில மாதங்களில் வறட்டிருமல் வந்தது, நுரையீரலில் தழும்பு. கதிர்ச் சிகிச்சையில் இது வரக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னார். அது பொய்யல்ல. ஒழுங்காகச் செய்திருந்தாலும் ஓரளவு புண்பட்டிருக்கும். அதில் என் பங்கு எவ்வளவு என்று இன்றும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குள் பல வருடங்கள் ஒளிந்திருந்தேன். இப்போது சில இடங்களில் நோயாளியை மூச்சுப்பிடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மட்டும் கதிர் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் அவர் நினைவு வரும். அதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த மாவட்டத்திலேயே இருந்திருக்க முடியாது.

சிகிச்சை முடிந்த மறுவருடம் அவரும் மனைவியும் என்னைத் தேடி வந்தார்கள். மாடிப்படியின் நடுவில் அவர் நின்று மூச்சு வாங்குவதைக் கண்டேன். கையில் ஒரு பை. "நல்ல சிப்பியாக்கும் சாரே. வீட்டுல குடுத்துக் கறி வைக்கச் சொல்லுங்க."

"இவரு எடுத்ததில்ல, சந்தையில வாங்கினது," என்றாள் மனைவி. "இந்த மனுசன் சிப்பிக்கு வெல பேசவேண்டிய காலம் வந்துட்டே, பாத்தியளா!"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. "உசிரு இருக்குல்லா ஏட்டி. சாரு தந்ததாக்கும்."

இருமல் அடங்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்து நின்றேன். அடங்கியது. கைநீட்டிப் பையை வாங்கிக்கொண்டேன்.